தலையே அளவுகோல்

சில ஆண்டுகளுக்கு முன் சித்திரம் பயிலும் மாணவர்க்கென எழுதப்பெற்ற ஆங்கிலக் கைந்நூல் ஒன்று மொழிபெயர்ப்பிற்காக என்னிடம் வந்தது. நான் ஓவியன் அல்லன். அரசாங்கக் காகிதங்களைத் தமிழாக்குவது என் தொழில். சுற்றறிக்கைகளுக்கும் விதித்தொகுப்புகளுக்கும் நடுவே இப்படி ஒரு நூல் வந்தது கோடையில் பெய்த மழைபோல் இருந்தது. மிகுந்த உற்சாகத்துடன் மொழிபெயர்த்தேன். அந்த உற்சாகமே வினையாயிற்று. நூலின் ஓரிடத்தில் 'முகம்' என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல் ஒரே பக்கத்தில் பல முறை வந்தது. ஒரு சொல்லை ஓயாமல் திருப்பிச் சொல்வது நடைக்கு அழகன்று என்று கருதி, சில இடங்களில் 'முகம்' என்றும் சில இடங்களில் 'தலை' என்றும் மாற்றி மாற்றி எழுதினேன். படிப்பதற்கு நன்றாகவே இருந்தது. நூலும் அச்சேறி வெளிவந்தது.

ஓராண்டு சென்றபின் சித்திர ஆசிரியர் ஒருவர் ஒரு கட்டுக் காகிதத்துடன் என்னைத் தேடி வந்தார். அவருடைய மாணவர்கள் எழுதிய மனித உருவங்கள் அவை. ஒவ்வொன்றும் பனைமரம்போல் ஓங்கி நின்றது. உச்சியில் எலுமிச்சம்பழம் அளவில் ஒரு தலை. "தாங்கள் சொன்னபடிதான் போட்டிருக்கிறார்கள். மனிதனுடைய உயரம் பத்துத் தலை என்று தாங்கள்தாமே எழுதியிருக்கிறீர்கள்?" என்றார். அவர் கோபித்துக்கொள்ளாமல் சொன்னதனால் அது மேலும் உறைத்தது. மூலத்தைப் புரட்டிப் பார்த்தேன். மனிதனுடைய உயரம் பத்து முகம் என்றே அதில் இருந்தது. பிழைதிருத்தப் பட்டியல் ஒன்று அச்சிடப்பெற்றது. ஆயினும் அந்தப் பிள்ளைகள் ஓராண்டுக் காலம் எழுதிய படங்களை எந்தப் பட்டியலும் திருத்தாது அன்றோ? அன்று முதல் இப்பொருளை நான் விடாமல் படித்து வருகிறேன். அவ்வாறு அறிந்ததையே இன்று நேயர்களுக்குக் கூற முற்படுகிறேன்.

மனித உருவத்தை எழுத விரும்புகிறவன் முதலில் தேடுவது ஓர் அளவுகோலை. எதிரே நிற்பவர் ஐந்தரை அடி உயரம் இருக்கலாம்; தாளில் அவருக்கு நாம் தரும் இடமோ ஒரு சாண்தான். அடிக்கோலால் அளந்து பயன் இல்லை. உடம்பின் ஓர் உறுப்பையே கோலாகக் கொண்டு மற்ற உறுப்புகளை அளந்தால், உருவம் மலையளவு ஆனாலும் கடுகளவு ஆனாலும் பொருத்தம் கெடாது. அதற்குத் தலையைத் தேர்ந்தெடுத்ததற்குத் தக்க காரணம் உண்டு. கை மடங்கும்; முதுகு வளையும்; வயிறு உண்ட வேளைக்கும் உண்ணாத வேளைக்கும் மாறும். மண்டை எலும்பு மாறாது. வேட்டியும் புடவையும் உடம்பின் மூட்டுகள் பலவற்றையும் மறைத்துவிடுகின்றன; தலை மட்டும் பெரும்பாலும் வெளியே தெரிகிறது. டில்லித் தெருக்களில் தலைப்பாகைக்காரரை எழுதப் புகுவோர்க்குச் சற்றுத் தொல்லைதான். அங்கே துணிக்குள் இருக்கும் உச்சி எலும்பை ஊகித்தே கோடு போட வேண்டும். அடர்ந்த கூந்தலுக்கும் இதே விதி. கொண்டையை அளந்துவிட்டுத் தலையை அளந்ததாக எண்ணிவிடலாகாது.

'எண்சாண் உடம்பிற்குச் சிரசே பிரதானம்' என்பது நம்மவர் வழக்கு. இதில் ஒரு கணக்கும் இருப்பதைப் பிற்பாடுதான் கண்டேன். கையை நன்கு விரித்துப் பெருவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை உள்ளது ஒரு சாண். அவரவர் சாணால் அவரவர் உயரத்தை அளந்தால் ஏறத்தாழ எட்டு வரும். அந்தச் சாணை மோவாயிலிருந்து உச்சி வரை நிறுத்திப் பார்த்தால் தலையும் ஏறக்குறைய அதே அளவு. ஆகவே எண்சாண் என்பது எட்டுத் தலை என்பதற்கு மிகவும் அண்மையில் நிற்கிறது. பழமொழியை ஆக்கியவர் ஓவியத்தை நினைத்திருக்க மாட்டார். ஆயினும் உடம்பை உடம்பாலேயே அளக்கும் பழக்கம் ஓவியனுக்கு மட்டும் உரியதன்று என்பது இதனால் விளங்கும்.

இனி, என்னை இடறிய இடத்திற்கு வருகிறேன். ஓவியர் 'தலை' என்றால், உச்சியைத் தொடும் கிடைக்கோட்டிற்கும் மோவாயின் அடியைத் தொடும் கிடைக்கோட்டிற்கும் இடையே உள்ள நேர்க்குத்தான உயரம். 'முகம்' என்றால் நெற்றியில் மயிர் தொடங்கும் இடத்திலிருந்து மோவாய் வரை. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு சில விரற்கடைதான். ஆனால் அந்தச் சில விரற்கடையை எட்டாலும் பத்தாலும் பெருக்கும்போது மனிதன் பனைமரம் ஆகிவிடுகிறான்.

உரோமாபுரியில் கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் இவ்விரண்டையும் தெளிவாகப் பிரித்தே சொன்னார். மயிர்க்கோட்டிலிருந்து மோவாய் வரையுள்ள முகம் உயரத்தில் பத்தில் ஒரு பங்கு. உச்சியிலிருந்து மோவாய் வரையுள்ள தலை எட்டில் ஒரு பங்கு. மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனி வரையுள்ள கையும் முகத்தளவே என்று அவர் கூறினார். நேயர்கள் இப்போதே சோதித்துப் பார்க்கலாம்: உள்ளங்கையின் அடியை மோவாயில் வைத்துக் கையை முகத்தின்மீது நிறுத்தினால் நடுவிரல் மயிர்க்கோட்டருகே சென்று நிற்கும். வட்டத்துள்ளும் சதுரத்துள்ளும் கைகால்களை விரித்து நிற்கும் மனிதனாக லியொனார்டோ டா வின்சி 1490-ஆம் ஆண்டை ஒட்டி எழுதிய சித்திரத்தைக் காணாதவர் குறைவு. அது இந்த விட்ருவியஸின் மனிதனே. பத்து முகம் உடையவனும் அவனே. எட்டுத் தலை உடையவனும் அவனே.

நம் நாட்டு நூல்களில் தலையைவிட முகமே கோலாக வழங்கிற்று. அதற்குத் தாலம் என்று பெயர். விரித்த கையில் பெருவிரல் நுனிக்கும் நடுவிரல் நுனிக்கும் இடைப்பட்ட நீளத்தையும் தாலம் என்பர். ஒரு தாலம் 12 அங்குலம். இங்கே இரண்டாவது பொறி ஒன்று இருக்கிறது. இன்று நாம் அங்குலம் என்றால் அடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு என்று கொள்கிறோம். சாத்திரத்தின் அங்குலமோ உருவத்தின் விரலளவைக் கொண்டது. உருவத்தோடு சேர்ந்து வளர்வதும் குறுகுவதுமாகும். நவதாலம் என்பது 108 அங்குலம். இதைக் கடைத்தெருக் கோலால் கணக்கிட்டால் மனிதன் சரியாக ஒன்பது அடி உயரம் ஆகிவிடுவான்! 170 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவரை 108 பங்காக்கினால் ஒரு பங்கு ஒன்றரைச் சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். அதுதான் அந்த அங்குலம்.

விஷ்ணுதர்மோத்தர புராணத்தில் சித்திரசூத்திரம் என்றொரு பகுதி இருக்கிறது. மனிதரை ஹம்சம், பத்ரம், மாளவ்யம், ருசகம், சசகம் என ஐந்து வகையாக்கி, முறையே 108, 106, 104, 100, 90 அங்குல உயரம் வகுக்கிறது. இவற்றுள் ஹம்ச புருஷனின் அளவை நான் ஒரு நாள் இரவு காகிதத்தில் கூட்டிப் பார்த்தேன். உச்சியிலிருந்து மயிர்க்கோடு வரை 2 அங்குலம், முகம் 12, கழுத்து 4, கழுத்தடியிலிருந்து மார்பு வரை 12, மார்பிலிருந்து உந்தி வரை 12, உந்தியிலிருந்து கவடு வரை 12. இதுவரை 54. பிறகு தொடை 24; முழந்தாள் 3; கணைக்கால் 24; பாதத்தின் உயரம் 3. இதுவும் 54. உடம்பின் நடு, கால்கள் பிரியும் கவட்டில் வந்து நின்றது. கலைப்பள்ளிகளில் இன்றும் ஆசிரியர் முதலாவதாகச் சொல்லிக்கொடுக்கும் நடுக்கோடு இதுவே.

எனக்கு மேலும் வியப்பளித்தது வேறொன்று. இந்த ஹம்ச புருஷனின் உயரம் ஒன்பது முகம். அவனுடைய தலையோ, முகம் 12-உம் உச்சி 2-உம் சேர்ந்து 14 அங்குலம். 108-ஐ 14-ஆல் வகுத்தால் ஏழே முக்காலுக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. நம் தெருவில் நடந்துபோகும் வளர்ந்த மனிதர் பெரும்பாலும் ஏழு தலைக்கும் எட்டுத் தலைக்கும் இடைப்பட்டவர். ஏழரை என்று கொள்வது பொதுவழக்கு. 165 சென்டிமீட்டர் உயரமும் 22 சென்டிமீட்டர் தலையும் உடையவரைக் கணக்கிட்டால் சரியாக ஏழரை. ஆகவே 'ஒன்பது' என்ற எண்ணைக் கேட்டவுடன் நம் முன்னோர் இயற்கையில் இல்லாத நெட்டையரைக் கற்பனை செய்தனர் என்று கொள்வது பிழை. கோல் வேறு, மனிதன் ஏறக்குறைய அதே மனிதன். நம் சிற்பிகளுக்கு உடற்கூறு தெரியாது என்று 19-ஆம் நூற்றாண்டில் மேலை நாட்டார் சிலர் எழுதிவிட்டுச் சென்றனர். அவர்களுள் யாரேனும் இந்தக் கூட்டல் கணக்கைப் போட்டுப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இனிக் கருவியைப் பற்றிச் சிறிது. கருவி என்பது ஒரு பென்சில்தான். எழுதப்பெறுபவரின் உயரத்தைப்போல் மூன்று மடங்கு தூரத்திலாவது நிற்க வேண்டும். அருகே நின்றால் தலை பெரிதாகவும் பாதம் சிறிதாகவும் தோன்றி ஏமாற்றும். கையை முழுவதும் நீட்டி, பென்சிலை நேர்க்குத்தாகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். பென்சிலின் முனை உச்சியோடு ஒட்டுமாறு வைத்து, மோவாய் தெரியும் இடத்தில் பெருவிரல் நகத்தை நிறுத்தினால் ஒரு தலை கிடைத்துவிட்டது. அதை அப்படியே கீழே இறக்கி இறக்கி எண்ண வேண்டியதுதான். இதில் எல்லாரும் செய்யும் தவறு ஒன்றே. மூன்றாவது தலைக்கு வரும்போது கை சோர்ந்து முழங்கை மடங்கிவிடும். பென்சில் கண்ணுக்கு அருகில் வந்தால் அது மறைக்கும் உயரம் கூடிவிடும். கணக்கு முழுவதும் கெட்டுப்போகும். நான் பல முறை இவ்வாறு ஏமாந்து, ஏழரைத் தலை நண்பர் ஒருவரை ஆறரைத் தலை என்று தீர்ப்புக் கூறியிருக்கிறேன்.

எட்டுத் தலை உருவத்தில் கோடுகள் எளிதாக விழுகின்றன: மோவாய், முலைக்கோடு, உந்தி, கவடு, தொடை நடு, முழந்தாளின் கீழ், கெண்டைக்காலின் கீழ்ப்பகுதி, உள்ளங்கால். நினைவில் வைக்க எளிது என்பதனாலேயே பாடநூல்கள் இதை விரும்புகின்றன. ஏழரைத் தலையில் நடு மூன்றே முக்காலில் விழும். எஞ்சியவற்றைக் கண்ணால் திருத்திக்கொள்ள வேண்டும். தொங்கவிட்ட கையின் விரல்நுனி தொடையின் நடுவைத் தொடும். பாதத்தின் நீளம் தலையின் உயரத்தை ஒட்டியது; பெரும்பாலும் சற்றுக் கூடுதல். புதிதாக எழுதுவோர் பாதத்தை எப்போதும் சிறிதாகவே போடுகிறார்கள். தலையை எப்போதும் பெரிதாகவே போடுகிறார்கள். காரணம், மனிதனை நாம் முகத்தால் அறிகிறோம். மனத்தில் பெரிதாக நிற்பது கையிலும் பெரிதாக வந்துவிடுகிறது. தலைக்குள்ளேயும் இதே கூத்துத்தான். கண்கள் தலையின் நடுவில் இருக்கின்றன. ஆனால் நெற்றியிலும் உச்சியிலும் நமக்கு ஆர்வம் இல்லாமையால் கண்களை மேலே தூக்கி வைத்து மண்டையைத் தட்டையாக்கிவிடுகிறோம்.

மேலை நாட்டுக் கைந்நூல்களில் நிற்கும் உருவத்திற்கு அடுத்தபடியாக நாற்காலியில் அமர்ந்த உருவத்தையே காண்கிறோம். நம் நாட்டில் மனிதர் தரையில் அமர்கின்றனர். காய்கறி விற்பவளும் தறி நெய்பவனும் பூசை செய்பவரும் தரையோடு இருக்கின்றனர். இவர்களை எழுத ஒரு குறிப்பை நானே அளந்து கண்டேன்: முதுகு நிமிர்ந்து சம்மணமிட்டு அமர்ந்தவரின் உயரம் தரையிலிருந்து உச்சி வரை ஏறக்குறைய நான்கு தலை. நின்ற உயரத்தில் பாதியைச் சற்றே தாண்டும். நாற்காலிக்கென வகுத்த எண்ணைத் தரையில் அமர்ந்தவர்க்கு ஏற்றினால், அவர் கண்ணுக்குத் தெரியாத ஒரு மணைமீது அமர்ந்தவர்போல் தோன்றுவார்.

குழந்தைகளின் அளவு வேறு. பிறந்த குழந்தையின் தலை அதன் நீளத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. இரண்டு வயதில் ஐந்தில் ஒரு பங்கு. வளர வளரக் கால்கள் நீள்கின்றன. தலை சிறிதளவே வளர்கிறது. எனவே குழந்தையை எழுதுவதற்கு வளர்ந்தவரைச் சுருக்கினால் போதாது. ஐரோப்பிய இடைக்காலச் சித்திரங்களில் தாயின் மடியில் ஒரு குட்டிக் கிழவர் அமர்ந்திருப்பதைக் காணலாம். நம் நாட்காட்டிகளிலும் தவழும் கண்ணனுக்குப் பத்து வயதுப் பையனின் தலை பொருத்தப்பெற்றிருப்பது உண்டு. அவனீந்திரநாத் தாகூர் 1914-இல் வெளியிட்ட இந்திய ஓவிய உடற்கூறு பற்றிய சிறு நூலில் நர மூர்த்திக்குப் பத்துத் தாலமும், குமார மூர்த்திக்கு ஆறும், பால மூர்த்திக்கு ஐந்தும் சொல்லப்பெற்றிருக்கின்றன. சாத்திரத்தார் குழந்தையைத் தனி உருவமாகவே கண்டனர் என்பதற்கு இது போதும். அந்நூல் வங்காளியில் எழுதப்பெற்றது. அதை ஆங்கிலமாக்கியவர், வேடிக்கைப் பாடல்களால் வங்கக் குழந்தைகளின் நெஞ்சில் குடிகொண்ட சுகுமார் ராய். தாலம் என்ற சொல்லை அவர் தாலம் என்றே விட்டுவிட்டார்; அழகுக்காக மாற்றவில்லை. எனக்கு அது ஒரு பாடம்.

அவனீந்திரநாதரே அந்நூலின் தொடக்கத்தில் இவ்வளவுகள் கலைஞனுக்கு விலங்கு ஆகிவிடலாகாது என்பதை வற்புறுத்துகிறார். மார்பும் வயிறும் பசுவின் முகத்தைப் போலவும், தோளும் கையும் யானையின் துதிக்கையைப் போலவும் அமையும் என்னும் உவமைகளைப் படங்களாகவே எழுதிக் காட்டியிருக்கிறார். எண்ணைவிட உவமை அவருக்கு நெருக்கமாக இருந்தது போலும். ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டூரரின் அளவு நூல் அவர் காலமான 1528-ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. அவரோ எண்களில் மூழ்கியவர். ஆயினும் ஒரே மனிதனை வகுக்கவில்லை. தடித்த ஏழு தலை மனிதனிலிருந்து ஒல்லியான பத்துத் தலை மனிதன் வரை பலரை வகுத்தார். கேலிச் சித்திரக்காரர் மூன்று நான்கு தலையில் மனிதனை முடித்துவிடுகிறார். நாமும் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொள்கிறோம். மொகஞ்சதாரோவில் 1926-இல் கிடைத்து, புதுடில்லி தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் வெண்கல நங்கையைப் பார்த்தவர்கள், 10.5 சென்டிமீட்டர் உயரமே உள்ள அவ்வுருவத்தின் கைகள் எவ்வளவு நீளம் என்பதைக் கவனித்திருப்பார்கள். வளையல்கள் நிறைந்த அந்த இடக்கையை எந்தத் தாலத்திலும் அடக்க இயலாது. சுருக்கிப் பார்த்தாலோ அவளுடைய அலட்சியமான நிற்கை போய்விடும். செய்தவன் அளவு அறியாமல் நீட்டினான் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே பனைமரம் எழுதிய அந்த மாணவர்களிடம் தவறு என்ன என்று நான் என்னையே பலமுறை கேட்டுக்கொண்டதுண்டு. பத்துத் தலை மனிதனை டூரரும் எழுதினார். பத்து என்று தெரிந்தே எழுதினார். அந்தப் பிள்ளைகளோ எதிரே நின்ற தோழனைப் பார்த்து ஏழரை எண்ணியிருப்பார்கள். பிறகு அச்சில் இருந்த பத்தை நம்பித் தங்கள் கண்ணைத் திருத்திக்கொண்டார்கள். என்னை இன்றும் வருத்துவது அதுதான். சித்திர ஆசிரியரிடம் இதைச் சொன்னபோது அவர் ஒரு செய்தி கூறினார். வகுப்பில் ஒரே ஒரு சிறுவன் மட்டும் ஏழரைத் தலையில் எழுதினானாம். புத்தகத்தின்படி இல்லை என்று அவர் அவனுக்கு மதிப்பெண்ணைக் குறைத்தாராம்.

முதுமையைப் பற்றி ஒரு சொல். வயது ஏற ஏற முதுகெலும்பின் இடைத்தட்டுகள் தேய்ந்து உயரம் குறைகிறது. தலையின் உயரம் அவ்வாறு குறைவதில்லை. ஏழரையாக இருந்தவர் ஏழே கால், ஏழு என்று இறங்கி வருவார். முதியோரை எழுதும்போது சுருக்கத்தையும் நரையையும் தீட்டிவிட்டு உடம்பை இளைஞனுடையதாக விட்டுவிடுவது பலரிடம் காணும் குறை. சென்ற குளிர்காலத்தில் வெயிலில் பாய் விரித்து அமர்ந்திருந்த என் தாயாரைப் பென்சிலால் அளந்தேன். மூன்றரைத் தலைதான் வந்தது. முழங்கை மடங்கிவிட்டதோ என்று ஐயுற்று மீண்டும் கையை நீட்டினேன். "என்னடா, என்னைக் குறிபார்க்கிறாய்?" என்றார். அளவெடுக்கிறேன் என்றேன். "தையற்காரன்கூடக் கிட்ட வந்துதானே எடுப்பான்?" என்று கூறிவிட்டு, நான் முடிக்கும் வரை அசையாமல் இருந்தார். இரண்டாம் முறையும் மூன்றரையே வந்தது.